பட்டுக்கடைக் கல்லாவும் மைக்ரோசாப்ட் காலண்டரும்

"நீ படிக்கிறது பி.காம். உனக்கு எதுக்கு டாட் நெட்டு, விஷுவல் ஸ்டுடியோ நியூஸ் எல்லாம்? அது பி.சி.ஏ. பசங்க சமாச்சாரம்." வகுப்பில் நான் மொபைலில் என்ன படிக்கிறேன் என்று எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். காஞ்சிபுரம் மாதிரி ஊரில் மைக்ரோசாப்ட் டெவலப்பர் செய்திகளைப் படிக்க வேண்டியது டெவலப்பர்கள் இல்லை, கணக்குப் பிள்ளைகள். அதிலும் புதுசாக என்ன வந்தது என்பதை விட, எது எந்தத் தேதியில் சாகிறது என்பதைத்தான் படிக்கணும்.

ஏன் என்று சொல்ல ஒரு பட்டுக்கடைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியூர் நண்பர்களுக்குத் தெரிந்திருக்காது. காந்தி ரோட்டில் கண்ணாடிக் கதவு, ஏ.சி., பில் போட ஒரு பெண், அவ்வளவுதான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருக்கிற கணக்கு வேறு. நெசவாளருக்குப் பாவு கொடுக்கிறார்கள். ஊடைப் பட்டு எடை போட்டுக் கொடுக்கிறார்கள். ஜரிகை தனியாக. சேலை நெய்து வந்ததும் அதையும் எடை போட்டு, கொடுத்த பட்டும் ஜரிகையும் சேலையில் வந்திருக்கிறதா, கழிவு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கூலியில் முன்பணம் கழிக்க வேண்டும். ஒரே பாவில் இரண்டு மூன்று சேலை இருக்கும். கோர்வைச் சேலை என்றால் கூலி வேறு. ஒரு நெசவாளருக்கு ஒரு பக்கம் என்று பேரேட்டில் எழுதிய காலம் போய், இதை கம்ப்யூட்டரில் ஏற்றியபோது கடையில் விற்கிற ரெடிமேட் மென்பொருள் எதுவும் அப்படியே பொருந்தவில்லை. அதனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, கடைக்காரர் சொல்லச் சொல்ல, ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அந்த ஒருவர் எழுதியது பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6-ல். அதற்கும் முந்தியது என்றால் ஃபாக்ஸ்ப்ரோவில்.

எழுதியவர் இப்போது எங்கே? சென்னையிலோ, பெங்களூரிலோ, சிங்கப்பூரிலோ. புரோகிராம் மட்டும் இங்கே. சோர்ஸ் கோடு? "அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்கிறார்கள்.

நான் பகுதி நேரமாக வேலை பார்த்த ஒரு கடையில் இது நேரடியாகவே பார்த்தது. கடைப் பெயர் வேண்டாம். எந்தக் கடையில் கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல். அதற்கு மைக்ரோசாப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2005 மார்ச்சோடு முடிந்தது. நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2008 ஏப்ரல் 8-ல் முடிந்தது. நம்மில் பலர் அப்போது எல்.கே.ஜி. கூடப் போகவில்லை. 2005-ல் இதை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட எம்.வி.பி.க்கள், அதாவது மைக்ரோசாப்டே பட்டம் கொடுத்துக் கொண்டாடிய நிபுணர்கள், சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ கதையும் இதுதான். 2007-ல் இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று அறிவித்தார்கள், 2015 ஜனவரியில் கடைசி ஆதரவும் போனது.

ஒரு கணக்குப் பிள்ளையிடம் போய், "அண்ணே, நீங்க பில் போடுற புரோகிராம் எழுதின கருவி 2008-லயே செத்துப் போச்சு" என்றால் சிரிப்பார். "அதான் இன்னைக்கும் ஓடுதே!" என்பார். அவர் சொல்வதும் நிஜம். வி.பி. 6-ல் எழுதிய புரோகிராம் ஓடுவதற்குத் தேவையான அடிப்படைக் கோப்புகளை விண்டோஸ் 11 வரை மைக்ரோசாப்ட் கூடவே கொண்டுவருகிறது. செத்தது புரோகிராமைத் திருத்துகிற கருவி. ஓட்டலாம், திருத்துவது கஷ்டம். இந்த வித்தியாசம் தெரியாததால்தான் யாருக்கும் பயம் வரவில்லை. திருத்த வேண்டிய நாள் வரும்போதுதான் தெரியும்.

அந்த நாள் வந்தது. 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. பில்லில் வரி இரண்டாகப் பிரிய வேண்டும், எச்.எஸ்.என். நெம்பர் வேண்டும். கொஞ்சம் கடைகள் அன்றைக்கு டேலியில் பில் போட ஆரம்பித்து, நெசவாளர் கணக்கை மட்டும் பழைய புரோகிராமில் விட்டுவிட்டன. அப்புறம் மின் விலைப்பட்டியல் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் இருந்தால், வியாபாரிக்கு வியாபாரி போடுகிற பில்லை அரசாங்கத் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கருவியில் எழுதிய புரோகிராம் அந்தத் தளத்தோடு நேராகப் பேசுவது லேசில்லை. அதனால் என்ன நடக்கிறது? ஒரே பில்லை இரண்டு இடத்தில் தட்டச்சு செய்கிறார்கள். இரண்டாவது இடத்தில் தட்டுவது யார்? பகுதி நேரமாக வரும் நம்மைப் போன்ற பி.காம் மாணவர்கள்தான் :-)

இது தொழில்நுட்பச் செய்தி இல்லை, நம் சம்பளச் செய்தி. இனியாவது ஒத்துக்கொள்வீர்களா?

சரி, விண்டோஸ் 10-க்கு வருவோம். அதன் இலவச ஆதரவு முடிந்த நாள் 2025 அக்டோபர் 14. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. ஆறு நாள் இடைவெளி! பட்டுக்கடையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்ப்யூட்டரைத் தொட யாராவது விடுவார்களா? பில் போடுகிற பெண் தண்ணீர் குடிக்கவே நேரம் இருக்காது. இது ஒரு வருஷத்து விபத்தும் இல்லை. மைக்ரோசாப்ட் வருஷா வருஷம் டாட் நெட்டின் புதுப் பதிப்பை நவம்பரில் வெளியிடுகிறது, அதனால் பழசும் நவம்பரில்தான் சாகிறது. டாட் நெட் 8, டாட் நெட் 9 இரண்டுக்கும் கடைசித் தேதி 2026 நவம்பர் 10. அந்த வருஷத் தீபாவளி நவம்பர் 8. அமெரிக்காவில் யாரோ நாள் குறிக்கிறார்கள், நமக்கு அது சரியாகப் பண்டிகையில் வந்து விழுகிறது. நமக்கு இங்கே மெஷினைப் பிரித்து மேய உகந்த மாதம் ஆடி. கல்யாணம் இல்லை, முகூர்த்தப் பட்டு வியாபாரம் மந்தம். (ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வேறு மாதிரிக் கூட்டம், அது பெரும்பாலும் மற்ற ஜவுளிக்குத்தான்.) ஆனால் அக்டோபரில் ஒன்று சாகப் போகிறது என்று ஆடியிலேயே தெரிந்திருக்க வேண்டுமே? அதற்குத்தான் செய்தி படிக்கச் சொல்கிறேன்.

2025 அக்டோபரில் என்ன நடந்தது? திரையில் நீலமாக ஒரு அறிவிப்பு வந்தது, கடையில் எல்லாரும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தனிநபர் கணினிகளுக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற மைக்ரோசாப்ட் வழி வைத்திருந்தது. அமைப்புகளை அவர்கள் கணக்கோடு இணைத்தால் காசே இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். நிறுவனங்களுக்கு முதல் வருஷம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு. இந்த விவரம் தெரிந்து முடிவெடுத்த கடை ஒன்றுகூட எனக்குத் தெரிந்து இல்லை. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அது டி.பி.எம். 2.0 சிப் கேட்கிறது, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் கேட்கிறது. கடைகளில் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தியது. அப்படியானால் மெஷினே புதுசு. புது மெஷினில் பழைய புரோகிராமை ஏற்றுவது யார்? சிங்கப்பூர்க்காரருக்குப் போன் போட வேண்டியதுதான்.

தேய்மானம் படிக்கிறோம் இல்லையா? வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் சேர்த்து 40 சதவீதம். (2017 ஏப்ரலுக்கு முன் 60 ஆக இருந்தது.) தறிக்கும் மேஜைக்கும் ஆயுள் எவ்வளவு என்று நாம்தான் அனுபவத்தில் மதிப்பிடுகிறோம். மென்பொருளுக்கு மட்டும் அதைச் செய்தவனே சாவுத் தேதியை முன்கூட்டியே அச்சடித்துத் தருகிறான். மைக்ரோசாப்டின் 'லைஃப்சைக்கிள்' பக்கத்தில் பொருள் பெயரைத் தட்டினால் தேதி வரும். அந்தத் தேதியை நிலைச் சொத்துப் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்து எழுதி வைக்க என்ன கஷ்டம்? எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

புதுச் செய்தியைத் துரத்துகிறவர்கள் இன்னொரு வேடிக்கையையும் கவனிப்பதில்லை. பழையது எப்போதும் முதலில் சாகும் என்று நினைக்கிறோம். தப்பு. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 வந்தது 2019-ல். அது விண்டோஸின் ஒரு பாகம், விண்டோஸ் இருக்கும்வரை அதற்கும் ஆதரவு உண்டு. டாட் நெட் 9 வந்தது 2024 நவம்பரில், அதற்கு ஆயுள் இரண்டே வருஷம். அதாவது பேரன் முந்திக்கொள்கிறான், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். இரட்டை எண்ணில் வரும் பதிப்புகளுக்கு மூன்று வருஷம் என்பது கணக்கு, 2025 நவம்பரில் வந்த டாட் நெட் 10-க்கு 2028 நவம்பர் வரை. கடைக்குப் புதுசாக யாராவது எழுதிக் கொடுக்க வந்தால், "எந்தப் பதிப்பில் எழுதப் போறீங்க, அது எப்ப முடியும்?" என்று கேட்க கணக்குப் பிள்ளைக்கு இந்த அளவு தெரிந்தால் போதும். 'லேட்டஸ்ட் டெக்னாலஜி சார்' என்று பதில் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

புரோகிராம் எல்லாம் வேண்டாம், எங்களுக்கு எக்செல் போதும் என்கிறவர்களுக்கும் கதை இருக்கிறது. 2022-ல் இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது மைக்ரோசாப்ட். பிப்ரவரியில் அறிவிப்பு, நடுவில் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து, ஜூலையில் மறுபடியும். காரணம் நியாயமானது, மேக்ரோ வழியாக வைரஸ் அனுப்புவது அவ்வளவு சகஜமாகிவிட்டது. ஆனால் நம் ஊரில் என்ன ஆனது? ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மெயிலில் வந்த கோப்பைத் திறந்தால் மேலே சிவப்புப் பட்டை. "எக்செல் கெட்டுப் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்று சொல்லிக் காசு வாங்கிய சர்வீஸ் ஆட்களை எனக்குத் தெரியும். கோப்பின் மேல் வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், அன்பிளாக் என்று ஒரு டிக். முடிந்தது. (அனுப்பியவர் யார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். தெரியாதவர் அனுப்பிய கோப்புக்கு டிக் போட்டுவிட்டு என்னைத் தேடாதீர்கள்.)

அடுத்த சாவு வி.பி.ஸ்கிரிப்ட். 2023 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். முதலில் விருப்பப்பட்டால் வைத்துக்கொள்ளும் பாகமாக ஆனது, 2027 வாக்கில் தானாக இயங்காத நிலை, அப்புறம் முழுசாக நீக்கம். தினமும் ராத்திரி பேக்கப் எடுக்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஏதாவது உங்கள் கடையில் இருந்தால், அந்தக் கோப்பின் பெயர் எந்த மூன்று எழுத்தில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். 'வி.பி.எஸ்' என்றிருந்தால் பேக்கப் ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றுபோகும். சத்தமில்லாமல் நிற்பதுதான் பயங்கரம்.

உதவிக் குறிப்புகள் விஷயத்தில் மைக்ரோசாப்ட் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. தொகையை எழுத்தால் எழுதுவது நம் தினசரி வேலை. எக்செலில் அதற்கு உள்ளேயே ஒரு சூத்திரம் இருக்கிறது, பாத்டெக்ஸ்ட் என்று. ஆனால் அது தாய்லாந்து பணத்துக்கு, தாய் மொழியில்! நமக்கு? 'ஸ்பெல்நெம்பர்' என்று ஒரு மாதிரி மேக்ரோவைக் கொடுத்திருக்கிறார்கள். அது டாலர், சென்ட், மில்லியன் என்று எழுதும். லட்சமும் கோடியும் அதற்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் அதை லட்சம், கோடிக்கு மாற்றி எழுதினார், அது பென் டிரைவ் பென் டிரைவாக ஊர் சுற்றுகிறது. அந்த மேக்ரோ இல்லாத ஆடிட்டர் ஆபீஸ் தமிழ்நாட்டில் குறைவுதான். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது.

மொழி விஷயத்தில் இன்னும் வருத்தம். மைக்ரோசாப்டின் டெவலப்பர் பிரிவுக்குப் பல வருஷம் தலைவராக இருந்த எஸ். சோமசேகர் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1989-ல் சேர்ந்து 2015-ல் வெளியே வந்தார். டாட் நெட்டைத் திறந்த மூலமாக ஆக்கும் அறிவிப்பு 2014 நவம்பரில் வந்தபோது பொறுப்பில் இருந்தவர் அவர்தான். அவ்வளவு பக்கத்தில் நம் ஆள் இருந்தும், இந்தச் செய்திகளைத் தமிழில் சொல்ல ஆள் குறைவு. ஒரு காலத்தில் தினமலரோடு கம்ப்யூட்டர் மலர் வரும், வீட்டில் அப்பா சேர்த்து வைத்திருக்கிறார். எக்செல் குறுக்கு விசைகளை அதில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். டெவலப்பர்களுக்கே ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்த எம்.எஸ்.டி.என். பத்திரிகை 2019 நவம்பரோடு நின்றுவிட்டது. இப்போது எல்லாம் மைக்ரோசாப்ட் லேர்ன் என்ற ஒரே கூரையின் கீழ். நல்ல விஷயம்தான், இலவசம், ஆழமாகவும் இருக்கிறது. ஆனால் பழைய சுட்டிகள் பல வேலை செய்வதில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒருத்தர் எழுதி வைத்த குறிப்பிலிருந்து சொடுக்கினால் வேறெங்கோ போய் நிற்கும்.

"இவ்வளவு தலைவலி எதற்கு, எல்லாவற்றையும் டேலிக்கோ இணைய மென்பொருளுக்கோ மாற்றிவிடு" என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். பாதி சரி. பில், வரி, பேரேடு எல்லாம் மாறட்டும். கம்பெனியாகப் பதிந்த இடங்களில் 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் இருந்தாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது, பழைய புரோகிராமில் அது இருக்காது. ஆனால் நெசவாளர் கணக்கை எடுத்துப் போகும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. பெயர்கள்.

வி.பி. 6-ன் சாதாரணப் பெட்டிகளுக்கு யூனிகோட் தெரியாது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் வந்தது, லதா எழுத்துரு வந்தது, எல்லாம் உண்மை. ஆனால் விண்டோஸில் தமிழுக்கு யூனிகோட் மட்டும்தான், பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் கிடையாது. அதனால் அன்றைக்கு எழுதியவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிய எழுத்துருக்களை வைத்துச் சமாளித்தார்கள். பாமினி, டாப், டாம் என்று ஆளுக்கொன்று. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் அந்தத் தகவலைத் திறந்தால், பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாக நெய்கிற ஒருவருடைய பெயர் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவருடைய முன்பண பாக்கி அந்தக் குப்பைக்கு எதிரில் இருக்கும். பெயர் தெரியாத பாக்கி யாருடையது? கடைக்காரர் ஞாபகத்திலிருந்து சொல்வார். ஞாபகம் எப்போதும் நெசவாளர் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இதை யூனிகோடுக்கு மாற்றித் தரும். ஆனால் எந்த எழுத்துருவில் ஏற்றினார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தவர், மறுபடியும், அதே சிங்கப்பூர்க்காரர்.

புதுசாக எழுதிக்கொள்ளலாம் என்கிற கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி இலவசம் என்று எல்லாரும் சொல்வார்கள். மாணவருக்கும் தனிநபருக்கும் இலவசம்தான். ஆனால் வருஷ வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய நிறுவனம் பெரிய நிறுவனம் என்பது அவர்கள் விதி. நம் பணத்தில் எட்டு ஒன்பது கோடி. காந்தி ரோட்டில் அதைத் தாண்டிய கடைகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். கடையே ஆளை வைத்து எழுதினால் இலவசப் பதிப்பு செல்லாது. டாட் நெட்டும் வி.எஸ். கோடும் இலவசம்தான், அதை வைத்து எழுதச் சொல்லலாம். உரிமத்தைப் படித்துப் பார்க்கிற ஆள் கணக்குப் பிள்ளைதானே?

நான் எப்படித் தொடர்கிறேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம். லைஃப்சைக்கிள் பக்கம் ஒன்று, விண்டோஸில் கைவிடப்பட்ட வசதிகளின் பட்டியல் ஒன்று. இரண்டும் மைக்ரோசாப்ட் லேர்னில் இருக்கின்றன. கோ-பைலட் அது செய்யும் இது செய்யும் என்கிற அறிவிப்புகளைத் தாண்டிப் போய்விடுவேன், அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. பார்த்ததை ஒரு நோட்டில் மூன்று கட்டமாக எழுதுகிறேன்: பொருள், சாகும் தேதி, எந்தக் கடையில் பார்த்தேன்.

வகுப்பில் நம்மில் நான்கைந்து பேர் கடைகளிலும் சொசைட்டிகளிலும் பகுதி நேரம் போகிறோம். ஆடி பிறந்ததும், முதலாளி சம்மதித்தால், அவரவர் இடத்தில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொண்டு வரலாம் என்று யோசனை. புரோகிராம் எதில் எழுதியது, சோர்ஸ் கோடு யாரிடம், தமிழ்ப் பெயர்கள் எந்த எழுத்துருவில். நெசவாளர் பாக்கி விவரமோ கடை ரகசியமோ எதுவும் வேண்டாம். எழுத்துருவைப் பார்த்த உடனே பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் வாருங்கள். டீ என் செலவு.